பத்து வாரத்தில் மலையேற்றத்துக்குத் தயாராக முடியுமா? காட்பாடி நண்பருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். வயது 41. காட்பாடியில் வீடு. நாள் முழுக்கக் கணினி முன்னால் வேலை. இரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. பொங்கல் விடுமுறையில் ஆபீஸ் நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து மூன்று நாள் திட்டம் போட்டிருக்கிறீர்கள்: முதல் நாள் ஏலகிரியில் சுவாமிமலை, மறுநாள் ஜவ்வாது மலையில் நீண்ட நடை, மூன்றாம் நாள் கயிறு கட்டிப் பாறை ஏறுவது. கையில் பத்து வாரம் இருக்கிறது. ஜிம்மில் சேரலாமா, எந்த ஷூ வாங்கலாம், எவ்வளவு தண்ணீர் தூக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "பாதியில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையில் நீங்கள் கேட்க வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன், மற்றதெல்லாம் அதற்குள் வந்துவிடும்.

நான் வேலூர்ப் பக்கம் 26 வருடம் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்தவன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிவதற்கு வெகு முன்னாலிருந்தே இந்த மலைகளுக்குப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போயிருக்கிறேன். இளம் வயதில் உத்தரகாசியில் அடிப்படை மலையேற்றப் பயிற்சி முடித்தேன். டாக்டர் இல்லை. அதனால் உடம்பு, மருந்து பற்றிச் சொல்லும் இடங்களில் எது உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பத்து வாரம் போதுமா? போதும். இதை உறுதியாகச் சொல்வேன். நாற்பது வயதில் உட்கார்ந்த வேலை பார்க்கிறவர், வாரத்தில் ஐந்து நாள் ஒழுங்காக நடந்தால் எட்டாவது வாரத்திலேயே தன்னிடம் வித்தியாசம் பார்ப்பார். எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன். ஆனால் எதற்குத் தயாராக வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். எல்லோருக்கும் ஏறுவதைப் பற்றித்தான் கவலை. என் அனுபவத்தில் ஏற முடியாமல் உட்கார்ந்தவர்கள் குறைவு. மூச்சு வாங்கினால் நின்று, இளைப்பாறி, மறுபடி ஏறிவிடுவார்கள். மற்றவர்களுக்குப் பாரமானவர்கள் எல்லோரும் இறங்கும்போது ஆனவர்கள். கால் பிசகியது, முட்டி பிடித்துக்கொண்டது, கட்டைவிரல் நகம் கறுத்தது, தொடை நடுங்கிப் படியில் சரிந்தது, எல்லாமே இறக்கத்தில், அதுவும் மதியத்துக்கு மேல். ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எங்களுக்குப் பல வருடம் வழிகாட்டியாக வந்தார். புதிதாக வந்தவர்கள் உச்சியில் நின்று போட்டோ எடுக்கும்போது, "சார், இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்கு, சொல்லி வைங்க" என்று என் காதோரம் சொல்வார்.

காரணம் இதுதான். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உங்களை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. அந்த வேலை தசை நாருக்கு அதிகச் சேதம் தரும். அதனால்தான் மலைக்குப் போய்வந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் படி இறங்கும்போது உயிர் போகிறது. முட்டிக்கும் அப்படித்தான்: சாதாரணப் படி இறங்கும்போதே உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் சுமை முட்டியில் விழுகிறது. ஆனால் உடம்பில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. ஒரு முறை இப்படி நன்றாக இறங்கி வலி அனுபவித்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் பெரிதாகச் சேதப்படாது. இது பலமுறை சோதித்து உறுதி செய்யப்பட்டது. ஆகவே பயணத்துக்கு இரண்டு, மூன்று வாரம் முன்னால் வேண்டுமென்றே ஒரு நல்ல இறக்கம் இறங்கி, அந்த வலியை வீட்டிலேயே வாங்கி முடித்துவிடுங்கள். சுவாமிமலையில் முதல் நாள் வாங்கினால், இரண்டாம் நாள் ஜவ்வாது மலையில் நீங்கள் பயந்ததுபோலவே ஆகிவிடும்.

அந்த இறக்கத்துக்கு நம் ஊரிலேயே அருமையான இடம் இருக்கிறது. சோளிங்கர் பெரிய மலை, யோக நரசிம்மர் கோயிலுக்கு 1305 படி. 2024-லிருந்து ரோப் காரும் ஓடுகிறது. முடியாதவர்கள் நடந்து ஏறி, களைத்துப்போய் ரோப் காரில் இறங்குவதைப் பார்க்கிறேன். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள்: முதல் இரண்டு முறை ரோப் காரில் மேலே போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுப் படியில் நடந்து இறங்குங்கள். மூச்சுக்குச் சிரமம் தராமல் தொடைக்கும் முட்டிக்கும் மட்டும் பாடம் கிடைக்கும். மூன்றாவது முறை முழுக்க நடந்து ஏறி நடந்து இறங்கலாம். கோயில் படி என்பதால் பெரும்பாலோர் வெறுங்காலோடு போகிறார்கள், கல் சூடேறும் முன் காலையில் முடித்துவிடுங்கள். உங்கள் பத்து வாரத்தில் கார்த்திகை மாதம் முழுசாக வருகிறது. கார்த்திகை ஞாயிறுகளில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது, வார நாளில் போங்கள். பிரசாதப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்காதீர்கள். குரங்கு பிடுங்கும்போது நாம் காட்டும் பதற்றத்தில்தான் படி தவறுகிறது.

வார நாட்களுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. முதல் மூன்று வாரம் தினம் அரை மணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடங்கள். கோட்டை அகழியைச் சுற்றியோ, உங்கள் தெருவிலோ, எங்கேயானாலும் சரி. நான்காம் வாரத்திலிருந்து வாரம் ஒரு நாள் பாலமதி மலைச் சாலையில் ஏறி இறங்குங்கள். வண்டி வரும் சாலை, வளைவில் ஓரமாகப் போங்கள், இருட்டுக்கு முன் கீழே வந்துவிடுங்கள். ஆறாம் வாரத்திலிருந்து முதுகுப் பை மாட்டிக்கொள்ளுங்கள். பைக்குள் கல் போடாதீர்கள், தண்ணீர் பாட்டில் போடுங்கள். மேலே போனதும் தண்ணீரை ஏதாவது செடிக்கு ஊற்றிவிட்டு வெறும் பாட்டிலோடு இறங்கலாம், பழகாத முட்டிக்கு அது பெரிய உதவி. எட்டாம் வாரத்தில் ஊற்றாமல் அப்படியே சுமந்து இறங்குங்கள். ஒன்பதாம் வாரம் குறைத்துக்கொள்ளுங்கள், பத்தாம் வாரம் சும்மா காலாற நடந்தால் போதும். கடைசி வாரத்தில் ஆவேசப்பட்டுச் செய்கிற பயிற்சி களைப்பைத்தான் தரும்.

ஜிம் பற்றி: பக்கத்தில் இருந்து, பிடித்திருந்தால் சேருங்கள். கட்டாயமில்லை. வீட்டில் ஒரு படிக்கட்டு போதும். ஒரு படியின் விளிம்பில் வலது காலில் நின்று, இடது குதிகாலை மூன்று வினாடி எடுத்துக்கொண்டு மெதுவாகக் கீழ்ப்படியில் தொடவைத்து, மறுபடி நிமிருங்கள். முட்டி உள்பக்கம் மடங்காமல் பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும், கண்ணாடி முன்னால் செய்தால் தெரியும். காலுக்குப் பத்து முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். எளிதாகத் தெரியும். ஏழாவது முறையில் தொடை லேசாக அதிரும், அங்கேதான் வேலை நடக்கிறது. நடப்பதற்கு முன் கை காலை இழுத்து நீட்டுகிற பயிற்சி காயத்தைத் தடுக்குமா என்றால், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆய்வுகளும் தெளிவாக ஆம் என்று சொல்லவில்லை. முதல் பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பது அதைவிட நல்லது என்பது என் பழக்கம்.

ஷூவுக்கு வருகிறேன். விலையைவிட அளவு முக்கியம். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், நடக்கும்போது போடப்போகிற அதே சாக்ஸோடு கடைக்குப் போங்கள். லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கி விரல் நுனி முட்டும், நகம் கறுப்பது அப்படித்தான். கணுக்காலை மூடுகிற உயர்ந்த ஷூ போட்டால் கால் பிசகாது என்பார்கள், அது இன்னும் தீராத விவாதம். நம் மலைப் பாதைகளுக்கு நல்ல பிடிப்புள்ள சாதாரண உயரம் போதும் என்பது என் கருத்து. பருத்திச் சாக்ஸ் வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக் கொப்புளம் போடும். புதுசைப் போட்டுக்கொண்டு மலைக்கு வராதீர்கள், குறைந்தது மூன்று வாரம் பழகிய ஷூவாக இருக்கட்டும். நகத்தை இரண்டு நாள் முன்னால் வெட்டிவிடுங்கள். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் இது இன்னும் முக்கியம். நடை முடிந்து தினமும் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள், வலிக்காத கொப்புளமும் உண்டு.

கையில் ஒரு கழி வைத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். இறக்கத்தில் முட்டியின் சுமையை அது குறைக்கிறது என்பது அளந்து பார்க்கப்பட்ட விஷயம். கடையில் விற்கும் மடக்குக் கழியோ மூங்கில் கழியோ, உங்கள் முழங்கையை விடச் சற்றே உயரமாக, அடியில் வழுக்காததாக இருந்தால் சரி.

இனி சர்க்கரை. இதை உங்கள் டாக்டரிடம் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். சில மாத்திரைகள் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு உழைப்பில் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது. கிளிமெபிரைடு போன்ற சில மாத்திரைகளும் இன்சுலினும் இறக்கிவிடக்கூடியவை. உங்களுடையது எந்த வகை, நடக்கிற நாளில் அளவை மாற்ற வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், என்னைப் போன்றவன் சொல்லக்கூடாது. குளுக்கோஸ் பொட்டலத்தைப் பைக்குள் புதைக்காமல் சட்டைப் பையில் வையுங்கள். கூட வருகிறவர்களில் இரண்டு பேருக்காவது உங்களுக்குச் சர்க்கரை உண்டு என்று தெரிந்திருக்கட்டும். கை நடுக்கம், திடீர் வியர்வை, எரிச்சலாகப் பேசுவது வந்தால் முதலில் இனிப்பு, பிறகுதான் விசாரணை. பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். 40 தாண்டிய, சர்க்கரை உள்ளவருக்கு இதில் பொறுமை கூடாது.

தண்ணீர் எவ்வளவு என்று கேட்டீர்கள். எல்லோருக்கும் ஒரே அளவு சொல்கிறவர்களை நம்பாதீர்கள். உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். பயிற்சியில் ஒரு நாள், ஒரு மணி நேர நடைக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், நடுவில் எதுவும் குடிக்காமல். 700 கிராம் குறைந்திருந்தால் மணிக்கு 700 மில்லி வியர்க்கிறது என்று பொருள். அதில் முக்கால் பங்கைத் திரும்பக் குடித்தால் போதும். நீண்ட நடையில் வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பின் அளவு நீர்த்துப்போகும். இடையிடையே ஓ.ஆர்.எஸ். கலந்து குடியுங்கள். பொட்டலத்தில் சர்க்கரையும் இருக்கும் என்பதால் உங்கள் டாக்டரிடம் இதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பொங்கல் சமயத்தில் ஏலகிரி மேலே இதமாக இருக்கும். சுமார் 1100 மீட்டர் உயரம், வேலூரை விட ஐந்தாறு டிகிரி குறைவு. தாகம் தெரியாமல் இருப்பதால்தான் அங்கே பலர் குடிக்க மறக்கிறார்கள்.

வெயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது பங்குனியிலோ சித்திரையிலோ கிளம்பலாம், அதனால் எழுதுகிறேன். பல வருடம் முன்பு ஒரு மார்ச் கடைசியில் பிள்ளைகளோடு போனேன். பஸ் தாமதமாகி, காலை ஆறுக்குத் தொடங்க வேண்டிய ஏற்றத்தை எட்டரைக்குத் தொடங்கினோம். திரும்பிப் போயிருக்க வேண்டும். அந்த முடிவை எடுக்காதது என் தவறு. ஒரு மணிக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பையன், நன்றாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு வந்தவன்தான், "சார், பீரியட் பெல் அடிச்சாச்சா?" என்று கேட்டான். நான் முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். இரண்டாவது முறையும் அதையே கேட்டபோது கையைப் பிடித்தேன், தோல் அடுப்பு மாதிரி இருந்தது. நிழலில் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றி, இருக்கிற தண்ணீரையெல்லாம் தலை, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று ஊற்றி, நான்கு பேர் துண்டால் விசிறினோம். இருபது நிமிடத்தில் என் பெயரைச் சொன்னான். பிறகுதான் கீழே கொண்டுபோனோம். பிழைத்தான், இன்று அவனுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். பேச்சு தடுமாறினால் அது களைப்பு இல்லை, வெப்ப வாதம். முதலில் அந்த இடத்திலேயே குளிரவையுங்கள், பிறகு ஆஸ்பத்திரி. குடிக்கிற தண்ணீரையே ஊற்ற வேண்டி வந்தாலும் ஊற்றுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

வேலூர்க்காரனுக்கு வெயில் பழக்கம்தானே என்று சொல்வார்கள். வெயிலில் வேலை செய்கிறவருக்குப் பழக்கம். ஏ.சி. அறையில் எட்டு மணி நேரம் உட்காருகிற உடம்பு சென்னைக்காரருடையதும் ஒன்றுதான், காட்பாடிக்காரருடையதும் ஒன்றுதான். வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் தினசரி உழைப்பு வேண்டும், விட்டுவிட்டால் சில வாரத்தில் அந்தப் பழக்கம் போய்விடும்.

காட்டுக்குள் போகும் அனுமதியை லேசாக நினைக்காதீர்கள். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்து, உள்ளூர் வழிகாட்டியோடு போகிற திட்டமாகத் திறந்தது. ஏலகிரி சுவாமிமலைப் பாதையும் அதில் உண்டு. பொங்கல் விடுமுறைக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துபோகலாம், இப்போதே பதிவு செய்யுங்கள். ஜவ்வாது மலை நடைக்கு எந்தப் பாதை, எந்த வனச்சரகம் என்று உங்கள் ஏற்பாட்டாளர் தெளிவாகச் சொல்ல வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம் ப்ரோ" என்று சொன்னால் அந்த ஒரு நாளை விட்டுவிடுங்கள்.

நேரக் கணக்கு ஒன்று சொல்லித் தருகிறேன். 1892-ல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் போட்டது, இன்றும் செல்லும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் 2 மணி 12 நிமிடம். புதியவர்கள் உள்ள எட்டுப் பேர் குழுவுக்கு அதை ஒன்றரை மடங்காக்குவேன், அதாவது 3 மணி 20 நிமிடம் சுமார். பொங்கல் நேரத்தில் ஆறு மணியைத் தாண்டியதும் சூரியன் விழும், மரத்தடிப் பாதையில் அதற்கு அரை மணி முன்பே இருட்டும். கிளம்பும் முன்பே ஒரு திரும்பும் நேரம் முடிவு செய்யுங்கள். எங்கே இருந்தாலும் ஒரு மணிக்குத் திரும்புவது என்று எட்டுப் பேரும் ஒத்துக்கொண்டால், பிறகு உச்சி பத்து நிமிடத்தில் தெரிந்தாலும் பேச்சு வளராது. நெற்றியில் மாட்டும் டார்ச் ஆளுக்கொன்று. போன் வெளிச்சத்தை நம்பினால் ஒரு கை அதற்கே போய்விடும், பேட்டரியும் போகும்.

பூச்சி, பாம்பு விஷயத்தில் பயத்தைவிடத் தகவல் உதவும். இந்தப் பக்கத்தில் நான் மிகவும் எச்சரிக்கிறது உண்ணிக் காய்ச்சலை, டாக்டர்கள் ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள். வேலூர் வட்டாரத்தில் இது நெடுநாளாக இருக்கிற நோய், சி.எம்.சி. மருத்துவர்கள் இதில் நிறைய ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். புல், புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பூச்சியின் இளம்பருவம் கடித்துப் பரவுகிறது. மழை முடிந்த குளிர் மாதங்களில் அதிகம், உங்கள் பயணம் அதே நேரத்தில்தான். எனக்கே வந்தது. ஒரு மார்கழியில் புல்தரையில் துண்டுகூட விரிக்காமல் படுத்துத் தூங்கினேன். பத்து நாள் கழித்துக் காய்ச்சல், தலை பிளக்கிற வலி. மூன்று நாள் வெறும் காய்ச்சல் மாத்திரையில் ஓட்டினேன். பிறகு பார்த்த டாக்டர் பெல்ட் போடுகிற இடத்தை விலக்கிப் பார்த்தார். பீடி சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, அதனால் எனக்குத் தெரியவே இல்லை. டாக்சிசைக்ளின் கொடுத்தார், இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. விட்டுவைத்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய் உயிரை எடுக்கும். முழுக்கை, முழுக்கால், பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகுவது, தரையில் நேராக உட்காராமல் விரிப்பு, வீட்டுக்கு வந்ததும் குளியல், துணியைத் துவைக்கப் போடுவது. மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "மலைக்குப் போனேன், புதரில் நடந்தேன்" என்று டாக்டரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

பாம்பு கடித்தால் ரத்த ஓட்டத்தை நிறுத்தும்படி இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வந்து 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பைப் பிடித்துக் காட்ட வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் போடுகிறார்கள். பாறை இடுக்கில் கையை விடாமல் இருந்தால், அடிவைக்கும் இடத்தைப் பார்த்து நடந்தால், பெரும்பாலும் இந்தப் பேச்சுக்கே வேலை வராது. மலைத்தேன் கூடு இருக்கும் பாறைக்குக் கீழே சத்தம், புகை, சென்ட் மூன்றும் வேண்டாம்.

மூன்றாம் நாள் பாறை ஏற்றத்துக்கு உங்கள் பங்கு குறைவு, நடத்துகிறவர் பங்கு அதிகம். ஹெல்மெட் எல்லோருக்கும் உண்டா, கீழே இருந்து கயிறு பிடிக்கிறவர் பயிற்சி பெற்றவரா, ஏறும் முன் உங்கள் முடிச்சை இன்னொருவர் தொட்டுப் பார்க்கிறாரா என்று கேளுங்கள். ஏறுவதற்கான கயிறு விழும்போது நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஹார்டுவேர் கடை நைலான் கயிறு அப்படிச் செய்யாது, முதுகெலும்பு அந்த அதிர்ச்சியை வாங்கும். அப்படிப்பட்ட கயிற்றைக் கண்டால் கீழேயே நின்று மற்றவர்களையும் நிறுத்துங்கள். இரண்டு நாள் நடந்த காலோடு போகிறீர்கள் என்பதால், முடிந்தால் பாறை ஏற்றத்தை முதல் நாளுக்கும் நீண்ட நடையைக் கடைசிக்கும் மாற்றச் சொல்வேன்.

சாப்பாட்டில் புதுமை வேண்டாம். காலையில் பழகிய இட்லி, கையில் எலுமிச்சை சாதமோ புளியோதரையோ, கொறிக்க வறுத்த வேர்க்கடலை. ஆம்பூர் பிரியாணியை இறங்கி வந்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலையில் மலையாளி பழங்குடி மக்கள் வீட்டுச் சாமைச் சோறு கிடைத்தால் விடாதீர்கள், பணம் கொடுத்துச் சாப்பிடுங்கள். அந்த இரவு மேகம் இல்லாவிட்டால் தூங்கப் போகும் முன் ஒரு மணி நேரம் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வெளியே இருங்கள். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை அந்த மலையில் கொண்டுபோய் வைத்ததற்கு அந்த இருட்டும் ஒரு காரணம். காட்பாடி விளக்குகளுக்கு நடுவே தெரியாத நட்சத்திரங்கள் அங்கே தெரியும்.

கடைசியாக, பாரமாகிவிடுவேனோ என்ற பயத்துக்கு. கிளம்புவதற்கு முதல் நாள் இரவே குழுவிடம் சொல்லிவிடுங்கள்: "நான் மெதுவாக நடப்பேன், வழிகாட்டிக்கு அடுத்து என்னை விடுங்கள்." மெதுவானவர் கடைசியில் வந்தால், முன்னால் போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, அவர் வந்து சேர்ந்ததும் எழுந்து நடப்பார்கள், ஓய்வு தேவையானவருக்கே ஓய்வு கிடைக்காது. அவர் முன்னால் நடந்தால் எட்டுப் பேரும் ஒரே வேகத்தில் போவார்கள், யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டாம். மலையேற்றத்தில் நல்ல குழுக்கள் நடப்பது இப்படித்தான். உச்சிக்குப் போனதும் இருபது நிமிடம் உட்காருங்கள். ஷூவைக் கழற்றி, சாக்ஸைப் பாறையில் காயப்போட்டு, காலைக் காற்றில் நீட்டி, பாதத்தை ஒரு முறை பாருங்கள். எழுந்திருக்கும்போது குதிகாலைப் பின்னால் தட்டிப் பொருத்தி, லேஸைக் கணுக்கால் பக்கம் ஏறியபோது இருந்ததைவிட இறுக்கமாகக் கட்டிக்கொண்டு இறங்கத் தொடங்குங்கள். போய்வந்த பிறகு முட்டி எப்படி இருந்தது என்று இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.